காதுப் பக்கம் நழுவிய வலது கண்

கண் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் கண்ணாடிக் கடைக்கு வருவதில்லை. செய்தித்தாளில் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எவருக்கும் இந்த அவஸ்தை புரியும். நீங்களும் அந்த இனம் என்றால், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உட்காருகிறேன்.

விருத்தாசலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரத்தில் என் கடை. நான் சொல்வது இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தவை. செல்போன் வைத்திருப்பவர் அதைச் சட்டைப் பைக்கு வெளியே பாதி தெரியும்படி வைத்திருந்த காலம். நான் இயற்பியல் பட்டதாரி. கடலூரில் ஒரு கண் டாக்டரிடம் ஆறு வருடம் உதவியாளாக இருந்து பார்வை அளக்கவும் லென்ஸ் தேய்க்கவும் கற்றுக்கொண்டேன். தொழிலில் குறை கிடையாது. வியாதி ஒன்று உண்டு. கண்ணாடியைக் கொடுத்தோமா, ஆளை அனுப்பினோமா என்று இருக்க மாட்டேன். அது ஏன் வேலை செய்கிறது என்பதையும் சொல்லித்தான் அனுப்புவேன்.

மணலில் இறங்கிய சக்கரம்

வெளிச்சம் ஏன் வளைகிறது என்பதற்கு என்னிடம் ஓர் உதாரணம் இருந்தது. அதன் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயியிடம் அதை எடுத்துவிட்டேன். "வெளிச்சம் காற்றில் வேகமாகப் போகும். கண்ணாடிக்குள் நுழைந்தால் வேகம் குறையும். நேர்க்குத்தாக நுழைந்தால் வேகம் மட்டும் குறையும், திசை மாறாது. சாய்வாக நுழைந்தால் ஒரு ஓரம் முதலில் உள்ளே போய் மெதுவாகிவிடும். மறு ஓரம் இன்னும் வெளியே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மொத்தமும் மெதுவான பக்கமாகத் திரும்பும். மணிமுத்தாற்றில் மாட்டு வண்டியைச் சாய்வாக இறக்கினால் ஒரு சக்கரம் முதலில் மணலில் மாட்டி வண்டி திரும்புகிறது இல்லையா? அதே கதைதான்" என்றேன்.

அவர் மூக்கில் நான் மாட்டியிருந்த சோதனைச் சட்டத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எத்தனை வண்டி ஓட்டியிருக்கிறேன் என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அதாங்க பாத்தன். ஒரு சக்கரம் மணல்ல பூந்தா வண்டி திரும்பாதுங்க. நுகத்தடி ஒடியும், மாடு படுத்துக்கும், எம் பொண்டாட்டி வண்டியில குந்திக்கினே என்னத் திட்டும். வெளிச்சத்துக்கு இதுல எது நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

அக்கரை ஒலிபெருக்கி

வளைவது வெளிச்சம் மட்டுமல்ல. சத்தமும் அலைதான், அதுவும் வளையும். என் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த கோவிந்தனின் வீடு ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது. மார்கழி பிறந்ததும், அக்கரைக் கோயில்காரர்கள் வேண்டுமென்றே ஒலிபெருக்கியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்தார். நான் அவரை உட்கார வைத்தேன். மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும், மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும்; சூடான காற்றில் சத்தம் வேகமாகப் போகும், குளிர்ந்ததில் மெதுவாகப் போகும்; அதனால் வானத்துக்குப் போக வேண்டிய சத்தம் வளைந்து தரைக்கே வந்து விழும். ஆகவே யாரும் எதையும் கூட்டவில்லை, குற்றவாளி காற்றுதான் என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் கொடுத்த டீயில் அன்று சர்க்கரை சரியாக இருந்தது என்பதால் தீர்ப்பைக் கொஞ்சம் நீட்டியே சொன்னேன்.

கோவிந்தன் கேட்டுவிட்டு, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார். அரை மணியில் திரும்பி வந்தார். சைக்கிளைவிட்டு இறங்காமலே என் கடை வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"சார், நீங்க சொன்ன அந்தச் சில்லுக் காத்த போன வெள்ளிக்கெழமதான் வாங்குனாங்களாம். ரெண்டு புது பாக்ஸு, ஒரு ஆம்ப்ளிஃபையரு."

கோடு வளையக் கூடாது

இவற்றிலிருந்து நான் ஏதாவது கற்றுக்கொண்டேனா என்றால், இல்லை. அடுத்த ஆனி மாதத்தில் தனலட்சுமி வந்தார். நாற்பத்து மூன்று வயது. ஊருக்கு வெளியே உள்ள ஒரு செராமிக் பட்டறையில் கொலு பொம்மைகளுக்குத் தூரிகையால் கண் வைக்கிறவர். களிமண்ணை அச்சில் ஊற்ற, சூளையில் சுட, உடம்புக்குப் பெயிண்ட் அடிக்க எல்லாம் ஆட்கள் நிறைய உண்டு. கண் வைக்க மட்டும் அந்தப் பட்டறையில் பதினெட்டு வருடமாக இவர் ஒருவர்தான். மூன்று மாதமாகக் கிட்டத்தில் எல்லாம் மங்கல். முதலாளி சபாபதி பார்த்துவிட்டார். கொலு ஆர்டருக்குக் கண் ஒழுங்காக விழவில்லை என்றால், இவர் உட்கார்ந்து கண் வைக்கிற ஜன்னலோரத்து இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு இவரை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். "பெட்டிகட்ற வேல தப்பில்லங்க. ஆனா பதினெட்டு வருசம் கண்ணு வெச்சவ அதே பொம்மைய வைக்கோல்ல சுத்தறதுன்னா எப்படிங்க?" என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்காமல் என் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார்.

தூரப் பார்வை அவருக்கு நன்றாக இருந்தது. கிட்டத்துக்கு மட்டும் பவர் போதும். ஆனால் அப்போது இரட்டைப் பார்வைக் கண்ணாடி என்றால் எனக்குத் தனிப் பிரியம். மேல் பாதி தூரத்துக்கு, கீழே ஒரு அரைவட்ட வில்லை கிட்டத்துக்கு; கழற்றி மாட்டுகிற தொல்லை இல்லை. அதையே போடலாம் என்று முடிவெடுத்தேன். எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, ஒரு பீங்கான் கோப்பையில் காசைப் போட்டு, அது கண்ணுக்கு மறைகிற அளவு அவரைப் பின்னால் நகரச் சொல்லி, தண்ணீரை ஊற்றினேன். வெளிச்சம் வளைந்து, மறைந்திருந்த காசு மேலே எழும்பித் தெரிந்தது. இந்த வித்தைக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு போலீஸ்காரரே கை தட்டியிருக்கிறார். தனலட்சுமி காசைப் பார்க்கவில்லை. "இந்தக் கப்பு எங்க ஊர்ல செஞ்சதா? கைப்பிடி கோணலா இருக்குதே" என்றார்.

புதுசாக இந்தக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்கிற எச்சரிக்கையையும் சொன்னேன்: வில்லையின் விளிம்பில் பார்வை ஒரு குதி குதிக்கும், கீழே உள்ள பொருள் கொஞ்சம் மேலே இருப்பதாகக் காட்டும், அதனால் படி இறங்கும்போது, பஸ்ஸிலிருந்து கால் வைக்கும்போது கவனம். ஏன் குதிக்கிறது என்றும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"வெளிச்சம் வளையறது இருக்கட்டும் சார். நான் போடற கோடு வளையாம இருந்தா போதும்."

சூளையில் ஆடிய கண்ணாடி

இரண்டு வாரம் கழித்து அதே பட்டறையின் சூளைக்காரர் குப்புசாமி வந்தார். அவருக்கும் நான்தான் கண்ணாடி. மேசையில் அதைக் கழற்றி வைத்து, பவர் தப்பு என்றார். எங்கே தப்பு என்று கேட்டேன். சூளையின் துவாரம் வழியாக உள்ளே நிறம் பார்க்கும்போது எல்லாம் நெளிகிறது, பொம்மைகள் டான்ஸ் ஆடுகின்றன என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சூடான காற்று லேசானது, அதில் வெளிச்சம் துளி வேகமாகப் போகும். துவாரத்திலிருந்து வெளியே வரும் காற்று ஒரு இடத்தில் சூடு, பக்கத்தில் குளிர், அதுவும் சும்மா இருக்காமல் கலந்து கலந்து ஓடும். அதற்குள் வரும் வெளிச்சம் நொடிக்கு நொடி வெவ்வேறு பக்கம் வளையும், அதனால்தான் நெளிகிறது, கண்ணாடி போடாதவர்களுக்கும் அது நெளியும் என்றேன். சந்தேகம் இருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள் என்றேன். "கழட்டிட்டா சூளையே தெரியாதே" என்றார். அதுவும் நியாயம்தான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் வாசற்படியில் நின்று திரும்பினார்.

"எனக்குக் காத்துதான் காரணம், ஒத்துக்கறன். எங்க தனம் அக்கா உங்க கண்ணாடியப் போட்டுக்கினு வைக்கிற வலது கண்ணெல்லாம் காதுப் பக்கம் போவுதே, அதுவும் காத்தா?"

ஒற்றைக் கண்ணோடு கீழே வைக்கக் கூடாது

மறுநாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். சபாபதி என்னை வரவேற்றுப் பலகை வரிசையைக் காட்டினார். கொலுவுக்கான கச்சேரி செட். நாகஸ்வரக்காரர், தவில்காரர், தாளம் போடுகிறவர், இப்படி நூற்றுச் சொச்சம் பேர். எல்லாருக்கும் இடது கண் நேராக இருந்தது. வலது கண் காதை நோக்கி நகர்ந்திருந்தது. "பாருங்க, தவில்காரரு நாகஸ்வரக்காரர முறைக்கறாரு. அவரு என்னைய முறைக்கறாரு. இத எந்தக் கொலுவுல வெப்பாங்க? சனிக்கெழம வரைக்கும்தான் பாப்பன். அதுக்கு மேல தனத்துக்குப் பெட்டிகட்ற எடந்தான்" என்றார்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணாடி ஒரு பொருளை நகர்த்திக் காட்டினால் தூரிகையின் நுனியையும் அதே அளவு நகர்த்தித்தான் காட்டும்; இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் கோடு தப்பாக விழ வழியே இல்லை; ஆகவே காரணம் கண்ணாடி இல்லை என்று வாதாடினேன். வாதம் அப்பழுக்கில்லாதது. அதைக் கேட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த தனலட்சுமி தலையைக் குனிந்துகொண்டதை மட்டும் நான் கவனித்திருக்க வேண்டும். கண்ணாடி காரணம் இல்லை என்றால் மிச்சம் என்ன? அவருடைய கைதான். "சார் சொல்றது சரிதாங்க. பொம்மைய கையில வெச்சிருக்கறப்ப சரியாத்தான் தெரியுது. பலகையில வெச்சப்புறம் பாத்தா கோணலு. கை போயிடுச்சுங்க" என்றார்.

ஒரு பொம்மைக்குக் கண் வைத்துக் காட்டுங்கள் என்றேன். அவர் தவில்காரர் ஒருவரை எடுத்து, தலை தன் இடப்பக்கம் இருக்க, இடது உள்ளங்கையில் மல்லாக்கப் படுக்க வைத்தார். ஏன் படுக்க வைக்கிறீர்கள் என்று கேட்டேன். புருவமும் கண் கோடும் குறுக்காக ஓடுகிறவை. தூரிகையைத் தன் பக்கம் இழுத்தால்தான் கோடு நடுங்காது, அதனால் பொம்மையைத்தான் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றார். பதினெட்டு வருடமாக அப்படித்தான், கழுத்தைத் துளிகூட அசைக்காமல். எட்ட இருக்கிற இடது கண்ணை முதலில் வைத்தார். நான் வாயைத் திறந்தேன். பட்டறையில் இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் "உஷ்!" என்றார்கள். ஒரு கண் வைத்து மறு கண் வைக்கும்வரை யாரும் பேசக் கூடாதாம். பொம்மையை ஒற்றைக் கண்ணோடு கீழே வைக்கவும் கூடாதாம். என் வாழ்க்கையில் வெளிச்சத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஏதோ இருந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றுதான். பேச முடியாததால் பார்த்தேன்.

எட்ட இருந்த இடது கண்ணையும் மூக்கையும் அவர் கண்ணாடியின் மேல் பாதி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பக்கம் இருந்த வலது கண்ணுக்கு வந்தபோது, தலை அசையவில்லை, விழி மட்டும் இறங்கியது. நேராகக் கீழ் வில்லைக்குள். விளிம்பு பொம்மையின் மூக்கின் மேலேயே விழுந்திருந்தது. வில்லையின் அந்த விளிம்பில் கண்ணாடி சாய்வாக இருக்கும், வெளிச்சம் அங்கே வளையும், கீழே உள்ளதை மேலே ஏற்றிக் காட்டும். ஒரு சாண் தூரத்தில் அந்தக் குதி ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர். வலது கண்ணுக்கான இடம் மூக்கோடு ஒட்டியிருப்பதாக அவருக்குத் தெரிந்தது. அதைச் சரிசெய்யக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்தார். தூரிகையும் வலது கண்ணும் சேர்ந்துதான் நகர்ந்தன, என் வாதம் அதுவரை சரி. மூக்கு அவற்றோடு நகரவில்லை. படியில் பார்த்து இறங்குங்கள் என்று அவருக்குச் சொன்ன அதே குதிதான். பொம்மையின் முகத்திலும் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது கண் முடிந்து பொம்மை கீழே வைக்கப்பட்டதும் ஒரே மூச்சில் கொட்டினேன். கை போகவில்லை, கை அப்பழுக்கில்லாமல் இருக்கிறது, கண்ணாடி காட்டிய இடத்தில் மயிரிழை தவறாமல் வைத்திருக்கிறது, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். தனலட்சுமி கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு ஒரு மணி நேரம் பேசுனீங்களே சார். நடுவுல ஒரு வாட்டி, நீ பொம்மைய எப்படிப் புடிப்பன்னு கேட்டிருக்கலாமே."

துடைக்கிற வேலை

அன்று மத்தியானமே வில்லை இல்லாத, முழுக்கக் கிட்டத்துக்கான கண்ணாடியைத் தேய்த்து முடித்தேன். ஒரு சாண் தூரத்தை நூல் வைத்து அளந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கௌரவமாகத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். குப்புசாமி ஒரு டப்பாவில் பெயிண்டைக் கரைக்கிற தின்னரும், துணி சுற்றிய குச்சிகளும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நூற்றுச் சொச்சம் வலது கண்ணையும் துடைத்தால்தான் தனலட்சுமி மறுபடி வைக்க முடியும், அதற்கு ஆள் இல்லை என்றார். முதலாளி சுவரைப் பார்த்தார். நான் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

துடைப்பது லேசான வேலை இல்லை. மூக்கில் பட்டால் மூக்கு போய்விடும். நாலு நாகஸ்வரக்காரர்களுக்கு மூக்கு போயிற்று. இதில் இன்னொரு சிக்கல்: பொம்மை ஒற்றைக் கண்ணோடு கீழே இருக்கக் கூடாது. ஆகவே நான் துடைத்த ஒவ்வொன்றையும், வலது கண் வைக்கத் தனலட்சுமி வாங்கிக்கொள்ளும்வரை, கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் பேசாமல். அன்று முழுவதும் நான் வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயந்திரம் டீ வந்தபோது என் தாடை வலித்தது.

சனிக்கிழமை சபாபதி பலகையோரமாக நடந்தார். ஒவ்வொரு பொம்மையின் முன்னாலும் குனிந்தார். தனலட்சுமி ஜன்னலோரத்தில், ஏதோ முக்கியமான காரியம்போல, தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஏற்கனவே சுத்தமாகிவிட்ட தூரிகை அது. கடைசித் தவில்காரரிடம் வந்ததும் முதலாளி நிமிர்ந்து, ஜன்னலை நோக்கி, எதுவுமே நடக்காத மாதிரி கேட்டார்.

"ஏம்மா தனம், அடுத்து கல்யாண செட்டு வருது. மாப்பிள்ள பொண்ணப் பாக்கணுமா, நேரா பாக்கணுமா?"

மேசையில் ஒரு பொம்மை

ஒரே ஒரு தவில்காரரை மட்டும் துடைக்காமல் கேட்டு வாங்கி என் மேசையில் வைத்துக்கொண்டேன். வலது கண் காதைப் பார்த்தபடி இருக்கும். அன்றிலிருந்து யார் வந்தாலும், "உங்க வேலையைச் செஞ்சு காட்டுங்க" என்பதுதான் என் முதல் பேச்சு. தையல்காரர் துணியோடு வந்தார். எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் விதை பொறுக்கும் முறத்தோடு வந்து கடை முழுக்கப் பதர் பறக்கவிட்டார். சலூன்காரர் ஒருவர் செய்து காட்டுகிறேன் என்று என்னை உட்கார வைத்தார். பழைய மூக்குக்கண்ணாடியோடுதான் காட்டுகிறார் என்பது எனக்கு உறைப்பதற்குள் என் மீசையில் ஒரு பக்கம் போயிருந்தது.

அடுத்த வருடம் தனலட்சுமி பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் கிட்டத்தில் மங்கலாம். நான் தவில்காரரைக் கையில் எடுத்து, இந்தக் கண் ஏன் இப்படிப் போயிற்று என்றால், வெளிச்சம் காற்றிலிருந்து கண்ணாடிக்குள் சாய்வாக நுழையும்போது, என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். தனலட்சுமி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு, கையில பொம்ம இருக்குது. அவுரு பேசி முடிச்சு அதக் கீழ வெக்கட்டும், அப்புறம் நீ வேலையக் காட்டு."

வெளிச்சம் ஏன் வளைகிறது என்பதைக் கல்லூரியில் மூன்றே வருடத்தில் கற்றுக்கொண்டுவிட்டேன். அது யாருடைய உள்ளங்கையில் போய் வளைகிறது என்று கேட்கக் கற்றுக்கொள்ளத்தான் அதற்கு மேல் பதினாலு வருடமும் நாலு நாகஸ்வரக்காரர்களின் மூக்கும் செலவாயின.